பழைய காரின் பெயின்ட்: தேய்ப்பதா, பூசுவதா, விட்டுவைப்பதா?

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஒரு மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ அல்லது இண்டிகா. இன்ஜின் இன்னும் சொன்னபடி கேட்கிறது. கூரையும் பானெட்டும் மட்டும் வெளுத்துக் கிடக்கின்றன. இதற்கு என்ன செய்யலாம் என்று தர்மபுரி மாவட்டத்து நல்லம்பள்ளியில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். வாட்டர் சர்வீஸ் கடையில் ரப்பிங் போடலாம் என்பார்கள். டிங்கரிங் பட்டறையில் மொத்தமாக அடித்துவிடலாம் என்பார்கள். தர்மபுரி, சேலம் பக்கம் போனால் டீட்டெயிலிங் கடை செராமிக் கோட்டிங்குக்கு விலை சொல்லும். லாரி ஓட்டிப் பழகியவர் டீசலில் துணியை நனைத்து ஒரு துடை துடைத்தால் போதும் என்பார்.

இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காலத்துப் பெயின்டுக்குப் பொருத்தமாகத்தான் பிறந்தன. பெயின்ட் மாறிய பிறகும் பதில்கள் மாறாமல் நின்றுவிட்டன. போதாததற்கு, பளபளப்பும் காப்பும் ஒன்றுதான் என்ற எண்ணம் எல்லாத் தரப்பிலும் ஊடுருவியிருக்கிறது. பளபளப்பு என்பது மேற்பரப்பின் வழவழப்பு. காப்பு என்பது வெயிலும் நீரும் உப்பும் உள்ளே போகாமல் தடுப்பது. முதலாவதைக் கூட்டும் வேலை இரண்டாவதைக் குறைக்கவும் கூடும். நல்லம்பள்ளி வட்டாரத்தின் வெயில், கல் தூசி, போர் தண்ணீர் ஆகியவற்றின் முன் ஒவ்வொரு பதிலையும் நிறுத்திப் பார்த்தால் இது தெளிவாகும்.

எந்தப் பெயின்ட் என்பது முதல் கேள்வி

மோட்டார் வண்டியின் ஆரம்ப காலத்தில் குதிரை வண்டிக்குப் பூசிய எண்ணெய் வார்னிஷையே காருக்கும் பூசினார்கள். காய வாரக்கணக்கில் ஆனது. 1920களில் டூபாண்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் அதைச் சில மணி நேரமாகக் குறைத்தது. ‘டூகோ’ என்ற அந்தப் பெயர் நம் பட்டறைகளிலும் நீண்ட காலம் புழங்கியது. ஆனால் அந்த லேக்கர் அடித்தவுடன் பளபளக்காது. காம்பவுண்ட் போட்டுக் கையால் தேய்த்தால்தான் மினுமினுப்பு ஏறும். தேய்த்தால்தான் பெயின்ட் பளபளக்கும் என்ற பழக்கம் வேரூன்ற இது ஒரு பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும்.

1930களில் ஆல்கைட் எனாமல் பரவியது. அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தில் பட்டறையில் அடிக்கப்பட்டவை பெரும்பாலும் இவ்வகைப் பெயின்டுகள்தான். நிறமும் மினுக்கும் ஒரே அடுக்கில் இருக்கும். வெயிலில் மேல்பகுதி வெளுத்தால் அதைத் தேய்த்தெடுக்கலாம், கீழே அதே நிறம் புதிதாகத் தெரியும். 1980களிலிருந்து உலகெங்கும் நிறத்துக்கு ஓர் அடுக்கு, அதன் மேல் நிறமற்ற கிளியர் ஓர் அடுக்கு என்ற முறை நிலைபெற்றது. வெயிலைத் தாங்கும் பொறுப்பு இதில் கிளியர் அடுக்குக்கு உரியது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் வேதிப்பொருள்களை அதில் கலந்திருப்பார்கள். கீழே உள்ள நிறம் வெளியில் நிற்கத் தெரியாதது. கிளியர் போய்விட்டால் அதற்குப் பாதுகாப்பு இல்லை.

ஆகவே பழைய காரைத் தொடும் முன் அது எவ்வகை என்று பார்ப்பது நல்லது. கண்ணில் படாத ஒரு மூலையில், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் எடுத்துத் தேய்த்தால் காரின் நிறம் துணியில் ஏறுகிறதா என்பதே சோதனை. ஏறினால் ஒற்றை அடுக்கு. வெள்ளைக் காருக்குக் கறுப்புத் துணி வேண்டும். மெட்டாலிக் நிறமென்றால் பொதுவாகக் கிளியர் இருக்கும். இதில் ஒரு சிக்கலும் உண்டு. இரண்டு மூன்று கை மாறிய காரில் ஒரு கதவு கம்பெனி பெயின்டாகவும் அடுத்த கதவு பட்டறை பெயின்டாகவும் இருக்கக்கூடும். ஒரு இடத்தில் பார்த்துவிட்டு முழுக் காருக்கும் முடிவு கட்டுவது ஆபத்து.

தேய்ப்போர் தரப்பு

ரப்பிங் காம்பவுண்டும் பஃபிங் மெஷினும் வைத்திருப்போரின் வாதம் எளிமையானது. மேலே கெட்டது போகட்டும், கீழே நல்லது வரட்டும் என்பார்கள். ஒற்றை அடுக்குப் பெயின்டில் இந்த வாதத்துக்குப் பலம் அதிகம். வெள்ளைப் பெயின்டில் உள்ள டைட்டானியம் டைஆக்சைடு வெயிலில் தன்னைச் சுற்றியிருக்கும் பசையைச் சிதைக்கும். பசை போனபின் வெறும் பொடி மேலே நிற்கும். கையால் தடவினால் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பொடியை எடுப்பதில் தவறேதும் இல்லை. ரோஸ் நிறத்துக்குப் போய்விட்ட பழைய சிவப்புக் கார்களில் ஒருமுறை தேய்த்ததும் சிவப்பு திரும்பி வருவதும் உண்மை.

கிளியர் அடுக்கில் கணக்கு வேறு. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். கம்பெனியில் அடித்து வரும் பெயின்டின் மொத்தக் கனம் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் மட்டும் ஏறத்தாழ 35 முதல் 50. சொரசொரப்பான காம்பவுண்டும் கம்பளி பேடும் மெஷினில் வைத்து ஒரு சுற்று ஓட்டினால் சில மைக்ரான் போகும். மென்மையான பாலிஷ் என்றால் ஒன்றுக்கும் குறைவு. வண்டியின் ஆயுள் முழுதுக்கும் சேர்த்து 7, 8 மைக்ரானுக்கு மேல் கிளியரை எடுக்கக் கூடாது என்பது இத்தொழிலில் பரவலாக வழங்கும் எச்சரிக்கை. வருடத்துக்கு ஒருமுறை சர்வீஸோடு சேர்த்து ரப்பிங் போட்ட காருக்கு இந்த ஒதுக்கீடு நாலைந்து வருடத்திலேயே தீர்ந்திருக்கும். சோப்புக் கட்டி போலத்தான், தேயும்போது தெரியாது. பானெட்டின் மடிப்புகளிலும் கதவு விளிம்பிலும் பெயின்ட் மெல்லியது என்பதால் அங்கேதான் மெஷின் முதலில் சுட்டுவிடும்.

இத்தரப்பின் ஆழமான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காரைப் பார்த்தால் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாகக் கீறல் தெரியும். உண்மையில் அவை வட்டமானவை அல்ல. எல்லாப் பக்கமும் ஓடும் நேரான நுண்கீறல்களில் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பும் கோணத்தில் இருப்பவை மட்டும் தெரிவதால் வட்டமாகத் தோன்றுகின்றன. இக்கீறல்களில் பெரும்பகுதி தினம் காலையில் தூசியோடு உலர் துணி போட்டுத் துடைப்பதால் வருவது. அந்தப் பழக்கம் மாறாத வரை ரப்பிங் எடுத்துத் தருவது சில வாரப் பளபளப்பு. விலையாகப் போவது திரும்பி வராத கிளியர்.

டீசல் துணி

டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பதைப் படித்தவர்கள் ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. பளபளப்பு வருவது நிஜம், அதற்குக் காரணமும் உண்டு. தேங்காய் எண்ணெய், டீசல் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண் 1.45ஐ ஒட்டியது, பெயின்டின் பசைப்பொருளுக்கு 1.5ஐ ஒட்டி இருக்கும். கீறலில் எண்ணெய் நிரம்பியதும் ஒளி அங்கே சிதறுவது வெகுவாகக் குறைகிறது. கீறல் கண்ணில் படுவதில்லை. விலையுயர்ந்த பல பாலிஷ்களிலும் எண்ணெய் கலந்திருப்பதற்கு இது ஒரு காரணம். நாலு வாஷில் கீறல் திரும்பி வந்தால் அவையும் நிரப்பத்தான் செய்தன, நீக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஆனால் டீசல் விட்டுச்செல்லும் பிசுக்கு தூசியை இழுத்துப் பிடிக்கும். அடுத்த நாள் அதன் மேல் துணி போட்டால் எமரித் தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகிவிடும். பெட்ரோலிய எண்ணெய்கள் கதவு பீடிங் ரப்பரை ஊதவைக்கவும் செய்யும். குவாரி லாரிகளும் ஜல்லி டிப்பர்களும் போய்வரும் சாலையோரத்தில் நிற்கும் காருக்கு இம்முறை பொருந்தாது என்று சொல்ல இவை போதுமான காரணங்கள்.

மெழுகிலிருந்து செராமிக் வரை

பூசுவோர் தரப்பு மரச்சாமான் பாலிஷிலிருந்து வந்தது. இன்று உலகெங்கும் தெரிந்த மெகையர்ஸ் நிறுவனம் 1901ல் மரச்சாமானுக்குப் பாலிஷ் செய்யத் தொடங்கியதுதான். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒருவகைப் பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் கார்னௌபா மெழுகு இத்தரப்பின் நாயகன். நம் ஊர் வெயிலில் மெழுகு உருகிப் போய்விடும் என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. தூய கார்னௌபா உருக 82 டிகிரிக்கு மேல் வேண்டும். ஏப்ரல் மதியத்தில் கறுப்புக் காரின் கூரை 70 டிகிரியைத் தாண்டலாமே தவிர அந்த அளவுக்குப் போவது அரிது. ஆனால் டப்பாவில் விற்பது தூய கார்னௌபா அல்ல. 62, 64 டிகிரியிலேயே உருகும் தேன்மெழுகும் வேறு எண்ணெய்களும் கலந்தது. எனவே அந்தப் புகாரை முழுப் பொய் என்றும் தள்ள முடியாது.

மெழுகு வெயிலிலிருந்து காக்கும் என்ற உரிமைகோரல் இதைவிடப் பலவீனமானது. ஒரு மைக்ரானும் கனமில்லாத படலம் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுத்துவிடும்? பெயின்டோடு ஒப்பிடக்கூடிய அளவுக்கு இராது. மெழுகு செய்யும் நல்ல வேலை வேறு. அழுக்கு இறுகப் பிடிக்காமல் வைக்கும், கழுவும்போது உராய்வைக் குறைக்கும். சில நூறு ரூபாய்க்கு அது மோசமான பேரமில்லை.

2000களில் ஷோரூம்கள் டெஃப்ளான் கோட்டிங் என்று விற்றதைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். டெஃப்ளான் உருகும் வெப்பநிலை 327 டிகிரி. தோசைக்கல்லில் அது ஒட்ட உலை வேண்டும். காரின் மேல் கையால் தேய்த்து அதைப் பிணைக்க முடியும் என்பதற்கு வேதியியலில் ஆதாரம் தேடுவது கடினம்.

இன்றைய செராமிக் கோட்டிங் அந்த வகையில் வராது. சிலிக்கா சார்ந்த திரவம் காற்றின் ஈரத்தோடு வினைபுரிந்து பெயின்டின் மேல் உண்மையாகவே இறுகிப் பிடிக்கிறது. மாதக்கணக்கில், நன்கு பராமரித்தால் அதற்கு மேலும் நிற்கிறது. மிகைப்படுத்தல் வேறு இரண்டு இடங்களில். ‘9எச்’ கடினத்தன்மை என்பது பென்சில் அளவுகோல். அந்தப் பென்சில் கீற முடியவில்லை என்பதே அதன் பொருள். மணல் கீறாது என்ற உறுதி அதில் கிடையாது. இரண்டாவது, பூசும் முன் பரப்பைச் சமன் செய்ய மெஷின் பாலிஷ் போடுவார்கள். பழைய காரில் மிச்சமிருக்கும் கிளியரின் ஒரு பகுதி அதிலேயே போய்விடுகிறது. ஓரிரு மைக்ரான் பூச்சுக்காக இரண்டு மூன்று மைக்ரான் கிளியரைக் கொடுப்பது லாபமா என்று எந்த விளம்பரமும் கேட்பதில்லை.

வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் விசிறிகளை மணலிலிருந்து காக்கப் பிறந்த பாலியூரித்தேன் ஃபிலிமும் இப்போது கார்களுக்கு வந்துவிட்டது. 150, 200 மைக்ரான் கனம் என்பதால் கல்லடியைத் தாங்கும். பட்டறையில் அடித்த பெயின்டின் மேல் ஒட்டினால், பிற்பாடு உரிக்கும்போது பெயின்டையும் சேர்த்து எடுத்துவரலாம். பழைய காருக்கு இதன் விலையும் கட்டுப்படியாகாது.

போர் தண்ணீரும் கல் தூசியும்

இதுவரை சொன்னவை எந்த ஊருக்கும் பொருந்தும். நல்லம்பள்ளிக்கென்று ஒரு நிலைமை உண்டு, அது மேலே சொன்ன வாதங்களில் சிலவற்றைத் தலைகீழாக்குகிறது.

தர்மபுரி மாவட்டம் கடினப்பாறை நிலம். நிலத்தடி நீர் பாறையின் வெடிப்புகளில் தேங்கி, உப்புகளையும் சிலிக்காவையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இம்மாவட்டத்தின் தண்ணீரில் ஃப்ளோரைடு மிகுதி என்பது ஊரறிந்த துயரம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானிய நிதியுதவியுடன் 2013ல் செயல்பாட்டுக்கு வந்தது அதற்காகவே. ஃப்ளோரைடு பற்களுக்கும் எலும்புக்கும் எதிரி. காரின் மேல் கறை விடுவது பெரும்பாலும் கால்சியம், மெக்னீசிய உப்புகளும் சிலிக்காவும்.

பானெட்டில் ஒரு சொட்டு போர் தண்ணீர் காய்வதைக் கவனித்தால் விஷயம் புரியும். நீர் விளிம்பில்தான் முதலில் ஆவியாகிறது. நடுவிலிருந்து நீர் விளிம்புக்கு ஓட, கரைந்திருந்த உப்பும் கூடவே போய் அங்கே சேர்கிறது. காய்ந்ததும் வெள்ளை வளையம். கார்பனேட் உப்பாக இருந்தால் நீர்த்த வினிகரில் கரையும். சிலிக்கா படிந்துவிட்டால் வினிகருக்கு மசியாது. வெயிலில் சூடேறிய தகட்டில் பலமுறை இது நடந்தால் வளையம் பெயின்டுக்குள்ளேயே பதிந்துவிடும். அப்புறம் தேய்ப்பதைத் தவிர வழியில்லை.

மெழுகும் செராமிக்கும் விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவது நீர் முத்துமுத்தாக நிற்பதை. மழை நீருக்கு அது நல்லது. உருண்டு ஓடிவிடும். உப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு வெயிலில் அப்படியே காயவிட்டால், ஒவ்வொரு முத்தும் தன் உப்பு முழுவதையும் ஒரு சிறு இடத்தில் குவித்துவிட்டுப் போகும். பூச்சு இல்லாத பரப்பில் நீர் தகடாகப் பரவி மெல்லிய மங்கலாக விடுவதை, பூச்சுள்ள பரப்பு புள்ளிபுள்ளியாக விடுகிறது. பூசுவோர் தரப்பின் பதில், கறை பூச்சின் மேல்தான் படிகிறது, பெயின்டைத் தொடவில்லை என்பது. பூச்சு புதிதாக இருக்கும்வரை இது ஏற்கத்தக்க வாதம். தேய்ந்துபோன பூச்சுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

தூசியும் இவ்வட்டாரத்துக்கே உரியதுதான். கிரானைட் குவாரிகளிலிருந்தும் ஜல்லி கிரஷர்களிலிருந்தும் எழும் தூளில் குவார்ட்ஸ் இருக்கும். கனிமக் கடினத்தன்மை வரிசையில் அதற்கு 7. எந்தக் கார் பெயின்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகத் தொப்பூர் கணவாயில் இறங்கும் கனரக வண்டிகள் பிரேக்கை அழுத்திக்கொண்டே போவதால், அந்தப் பக்கம் அடிக்கடி போய்வரும் காரில் இரும்புத் துகளும் படிய வாய்ப்புண்டு. வெளிர் நிறக் காரில் செம்புள்ளியாக அவை தெரியும். 1980களில் ஜப்பானில் உருவான களிமண் கட்டி இதற்குத்தான் பயன்படுகிறது. நிறைய நீர் தெளித்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும்.

இந்தச் சூழலில் எதைப் பூசுவது என்பதை விட எப்படிக் கழுவுவது என்பதே பெரிய கேள்வி என்று படுகிறது. உலர் துணியைத் தொடாமல் முதலில் நீர் அடித்துத் தூசியை இறக்க வேண்டும். பிறகு கார் ஷாம்பூ கலந்த வாளியில் துணியை அடிக்கடி அலசி, மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். காலையிலோ மாலையிலோ நிழலில் செய்து, தண்ணீர் தானாகக் காயும் முன் வேறொரு சுத்தமான துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எந்தத் தண்ணீரானாலும் காயும் முன் எடுத்துவிட்டால் வளையம் விழ வழியில்லை. பட்டறைகளில் கிடைக்கும் பனியன் வேஸ்டில் தையலும் இரும்புத் தூளும் சிக்கியிருக்கும். அதற்குப் பதில் மைக்ரோஃபைபர் துணி இரண்டு வாங்கிக்கொள்வது நல்லது. துணி துவைக்கும் சோப்புத் தூள் காரத்தன்மை மிகுந்தது. இருக்கிற மெழுகையும் எடுத்துவிடும். உப்பு இல்லை என்பதற்காக ஒகேனக்கல் தண்ணீரில் கார் கழுவுவதை மட்டும் ஏற்க முடியாது. ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டவர்களுக்காக அத்தனை தூரம் கொண்டுவந்த குடிநீர் அது. கடைசி அலசலுக்கு ஓட்டிலிருந்து பிடித்து வைத்த மழை நீர் ஒரு குடம் போதும்.

ஆயுத பூஜையன்று பல கார்களுக்கு வருடத்தின் முழுமையான குளியல் கிடைக்கிறது. அன்று பானெட்டில் இடும் சந்தனமும் குங்குமமும் நாட்கணக்கில் காய்ந்த பின் சுரண்டி எடுக்கப்படும்போது, பொடி விட்ட பழைய பெயின்டில் கறை தங்கிவிடுகிறது. மறுநாளே நனைத்து ஊறவைத்து எடுத்தால் தங்காது.

புளியமர நிழல்

நிழலுக்கு ஈடான பூச்சு இல்லை என்பது எல்லாத் தரப்பும் ஒத்துக்கொள்ளும் ஒரே கருத்தாக இருக்கலாம். ஆனால் இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கும் நிழல் மர நிழல், அதுவும் பல இடங்களில் புளியமரம். கூடவே பறவை எச்சமும் வரும். எச்சம் ஏன் பெயின்டை அரிக்கிறது என்பதற்கே மூன்று விளக்கங்கள் உண்டு. பழையது அமிலக் கோட்பாடு. எச்சத்திலுள்ள செரிமான நொதிகள் கிளியரின் பிணைப்புகளை நீரால் பிளக்கின்றன என்பது இரானிய ஆய்வாளர்கள் சோதனைகளுடன் முன்வைத்தது. வெயிலில் விரிந்து இளகிய பெயின்ட் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் சொரசொரப்பை அச்சாக வாங்கிக்கொள்கிறது என்பது மூன்றாவது. மூன்றும் சேர்ந்தே நடக்கக்கூடும். எது சரியானாலும் செய்ய வேண்டியது ஒன்றே. ஈரத் துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊறவைத்து அன்றே எடுக்க வேண்டும். கார் கவர் போடலாம் என்பவர்கள், தூசி படிந்த கார் மேல் போட்ட கவர் காற்றில் அசைந்து உராய்வதையும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சிமென்ட் ஷீட் கொட்டகை ஒன்றே குறை குறைவான ஏற்பாடு.

மறுபடி அடிப்பது

கிளியர் உரியத் தொடங்கிவிட்டால் பாலிஷாலோ செராமிக்காலோ பயனில்லை. அந்தத் தகட்டை மட்டுமாவது திரும்ப அடித்தாக வேண்டும். முழுக் காரையும் அடிப்பதற்கு எதிரான வாதம் வலுவானது. கம்பெனியில் அடிப்பூச்சை மின்முறையில் ஏற்றி, மேல் பூச்சுகளை 140 டிகிரியை ஒட்டிய உலையில் சுடுகிறார்கள். பட்டறையில் நல்ல பூத் இருந்தாலும் 60 டிகிரி. பல இடங்களில் அதுவும் இல்லை, கொட்டகைதான். பட்டி கனமாகப் போட்டு அடித்த காரில் அடியில் துரு வளர்வது வெளியே தெரியாது. துரு தொடங்கும் இடங்கள் கதவின் அடி மடிப்பு, வீல் ஆர்ச், தரையின் ஓரங்கள். மேலே எது பூசினாலும் அங்கே எட்டாது. கதவின் அடியில் நீர் வடியும் துளைகளில் சேரும் மண்ணை ஒரு குச்சியால் எடுத்துவிடுவது, பல ஆயிரம் ரூபாய்க் கோட்டிங்கை விடக் காரின் ஆயுளுக்கு உதவும். 15 வருடம் முடிந்த பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதும் மினுமினுப்பை விடத் தகட்டின் உறுதிக்கே முக்கியத்துவம். நிறத்தையே மாற்றி அடித்தால் ஆர்.சி.யில் அதைப் பதிய வேண்டும் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

முடியாத கேள்விகள்

பூச்சுகளின் ஆயுளைக் கணிக்கும் ஆய்வகச் சோதனைகள் பெரும்பாலும் புதிய தகடுகளில், சுத்திகரித்த நீரில் நடப்பவை. பொடி விட்டுத் தேய்ந்த ஒற்றை அடுக்குப் பெயின்டில், உப்புத் தண்ணீரில், கல் தூசியில் அதே பூச்சு எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவற்றிலிருந்து நேராக ஊகிக்க முடியாது. நீரை முத்தாக நிறுத்தும் பூச்சு நல்லதா, தகடாக வழியவிடும் பூச்சு நல்லதா என்ற விவாதமும் அதனால்தான் நிற்கிறது. கழுவியவுடன் துடைக்கும் வழக்கமுள்ளவருக்கு முதல் வகை ஒத்துவரலாம். வாட்டர் சர்வீஸில் விட்டுவிட்டு ஈரத்தோடு ஓட்டிப்போகிறவருக்கு இரண்டாவது குறைந்த சேதம் தரலாம்.

புற ஊதாக் காப்புப் பொருள் கிளியரின் மேல்பகுதியில் செறிந்திருக்கிறது, எனவே சிறிது தேய்த்தாலும் காப்பு அதிகம் போய்விடும் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். அடுக்கு முழுதும் பரவியே இருக்கிறது என்பது மறுதரப்பு. பெயின்டுக்குப் பெயின்ட் இது மாறக்கூடும் என்பதால் எச்சரிக்கையாக இருப்பவரின் பக்கமே நியாயம் சாய்கிறது.

எல்லாவற்றுக்கும் முந்தைய கேள்வி, மிச்சம் எவ்வளவு என்பது. காந்த முறையில் இயங்கும் சாதாரண அளவுக் கருவி இரும்புத் தகட்டின் மேல் மொத்தக் கனத்தை மட்டுமே சொல்லும். அதில் கிளியர் எவ்வளவு, பட்டி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மீயொலிக் கருவி வேண்டும். சிற்றூர்ப் பட்டறைகள் அதை வாங்கிக் கட்டுப்படியாகாது. நாலு கை மாறி, ஒவ்வொரு கையிலும் ரப்பிங் வாங்கிய ஒரு காரில் இன்னொரு முறை மெஷினை வைக்கலாமா கூடாதா என்பதற்கு அதனால் நல்லம்பள்ளியில் இப்போதைக்கு அளந்து சொல்லும் பதில் இல்லை. கையால், மென்மையான பாலிஷோடு, ஒரு சாண் இடத்தில் முதலில் போட்டுப் பார்த்து, வெளுப்பு அதிலேயே போகிறதா என்று கவனித்த பிறகு மிச்சத்தை முடிவு செய்யலாம்.